ஹோவாராவின் குதிர்: ஆறு ஸ்பானியக் கோட்டைகள் விழுந்த நிகழ்வு (1566–1568)

1568ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய தெற்குக் கரோலினாவின் கடலோரத்தில் இருந்த சாந்தா எலேனா என்ற ஸ்பானியக் குடியேற்றத்துக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. கடற்கரையிலிருந்து அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு அப்பால்வரை வரிசையாகக் கட்டப்பட்டிருந்த கோட்டைகள் விழுந்துவிட்டன. மொத்தம் ஆறு கோட்டைகள். அவற்றைக் கட்டிய கேப்டன் ஹுவான் பார்தோ கடற்கரைக்குத் திரும்பி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் உள்நாட்டில் நிறுத்திவிட்டு வந்த வீரர்களில் உயிர் தப்பியவராக ஆவணங்களில் தெரிபவர் ஒரே ஒருவர்: ஹுவான் மார்த்தின் தே பதாஹோஸ்.

ஐரோப்பியர் அப்பலாச்சியன் மலைகளை அறிந்துகொண்ட வரலாறு பெரும்பாலும் ஆங்கிலேயரிடமிருந்தே தொடங்கப்படுகிறது. அமெரிக்காவில் அவர்களின் முதல் நிலையான குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் உருவானது 1607இல். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையடிவாரத்தில் ஸ்பானியர் கோட்டை கட்டி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குடியிருந்து, அழிந்தும் போனார்கள். அந்த அழிவு எப்படி நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஆவணங்களையும் அகழாய்வையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எனக்குக் கிடைத்த விடை பீரங்கியிலும் இல்லை, மலைப்பாதையிலும் இல்லை. உள்ளூர் மக்களின் மக்காச்சோளக் குதிரில் இருக்கிறது.

கையிலிருந்த வரைபடம்

அப்பலாச்சி என்பது வடக்கு ஃபுளோரிடாவில் வாழ்ந்த ஒரு பழங்குடியின் பெயர். மலையிலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்த அவர்களின் பெயர், ஸ்பானியரின் வாய்வழியாகவும் வரைபடங்கள் வழியாகவும் மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து, கடைசியில் மலைத்தொடரில் ஒட்டிக்கொண்டது. இடம் தெரியாமல் சூட்டிய பெயர் அது. இந்த நிகழ்வு முழுவதிலும் அத்தகைய பிழைகள் தொடர்ந்து வருகின்றன.

மலையை முதலில் கடந்த ஐரோப்பியர் எர்னாந்தோ தே சோட்டோவின் படையினர். 1540 மே மாதத்தில், அவர்கள் சூவாலா என்று எழுதிய ஊரில் தங்கி மலையேறினார்கள். அந்த ஊரும் பார்தோ பின்னாளில் சென்ற ஹோவாராவும் ஒன்றே என்பது ஆய்வாளர்களின் கருத்து. தே சோட்டோ, கோஃபிதாசெகி நாட்டின் தலைவியைச் சிறைப்பிடித்துத் தன்னோடு நடத்திக்கொண்டு வந்தார். இந்த மலைப்பகுதியில்தான் அந்தத் தலைவி முத்துப்பேழையோடு தப்பி ஓடினார். ஆகவே பார்தோ வந்தபோது ஹோவாராவின் முதியவர்களுக்கு ஸ்பானியர் புதியவர்கள் அல்லர். 27 ஆண்டு என்பது ஒரு தலைமுறைகூட மறந்துபோகும் காலம் இல்லை.

பார்தோவை உள்ளே அனுப்பியவர் ஃபுளோரிடாவின் ஆளுநர் பேத்ரோ மெனெந்தெஸ் தே அவிலெஸ். 1565இல் சான் அகுஸ்தினையும் அடுத்த ஆண்டு சாந்தா எலேனாவையும் நிறுவியவர். மெக்சிகோவின் சகாதெகாஸில் 1546இல் கண்டெடுக்கப்பட்ட வெள்ளிச் சுரங்கங்கள் அவர் மனத்தை ஆட்டிப்படைத்தன. அப்பலாச்சியன் மலைகள் மெக்சிகோ மலைகளின் தொடர்ச்சி என்றும், கடலோரத்திலிருந்து தரைவழியே சகாதெகாஸை அடைந்துவிடலாம் என்றும் அவர் நம்பினார். அந்த வழி கிடைத்தால் வெள்ளியைக் கரீபியக் கடற்கொள்ளையருக்கு அஞ்சாமல் கொண்டுவந்துவிடலாம். ஹோவாராவிலிருந்து சகாதெகாஸ் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவு. இடையில் மிசிசிப்பி ஆறும் பரந்த சமவெளிகளும் இருக்கின்றன.

வெள்ளி ஆசை ஒரு காரணம் என்றால், பசி இன்னொரு காரணம். சாந்தா எலேனாவில் உணவு போதாமல் வீரர்கள் கலகம் செய்து ஒரு கப்பலையே கைப்பற்றிக்கொண்டு ஓடியிருந்தார்கள். 1566 கோடையில் பார்தோ 250 பேரோடு வந்து இறங்கியதும் உண்ணும் வாய்கள் இன்னும் பெருகின. பாதிப் பேரை உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டால் அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு கடற்கரைக்கு இராது. பயணத்தின் நோக்கங்களாக எழுதப்பட்டவை வழி கண்டறிதல், நாட்டை அரசருக்கு உரித்தாக்குதல், மக்களைச் சமயத்தில் சேர்த்தல். சோற்றுக் கணக்கே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

பனி மூடிய மலையும் முப்பது பேரும்

1566 டிசம்பர் 1ஆம் நாள் பார்தோ 125 பேரோடு புறப்பட்டார். ஊர் ஊராகத் தங்கி, ஜனவரியில் ஹோவாராவை அடைந்தார். இன்றைய வடக்குக் கரோலினாவின் மார்கன்டன் நகருக்கு வடக்கே, கட்டாபா ஆற்றின் மேல்பகுதியில் இருந்த பெரிய ஊர் அது. கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். மேற்கே புளூ ரிட்ஜ் மலைகள் எழுந்து நிற்கின்றன. மிசிசிப்பிக்குக் கிழக்கே மிக உயர்ந்த சிகரமான, 2,037 மீட்டர் உயரமுள்ள மிட்செல் மலை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மலை முழுவதும் பனி மூடியிருந்ததால் மேலே போக முடியவில்லை. பார்தோ அங்கேயே ஒரு கோட்டை கட்டி அதற்கு சான் ஹுவான் என்று பெயரிட்டார். குடியேற்றத்துக்குத் தன் சொந்த ஊரின் பெயரான குவென்காவைச் சூட்டினார். சார்ஜெண்ட் எர்னாந்தோ மொயானோ தலைமையில் 30 பேரை அங்கே நிறுத்திவிட்டுக் கிழக்கே குவாதாரி என்ற ஊருக்குப் போனார். பிரெஞ்சுக்காரர் தாக்கக்கூடும் என்று கடற்கரையிலிருந்து கடிதம் வரவே, 1567 மார்ச்சில் சாந்தா எலேனாவுக்குத் திரும்பினார்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பார்தோவின் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கியெர்மோ ருஃபின் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். 1562இல் பிரெஞ்சுக்காரர் இதே கடலோரத்தில் அமைத்த ஷார்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறு கோட்டைக்குச் சிறுவனாக வந்தவர். பசி தாங்காமல் மற்றவர்கள் தாங்களே ஒரு படகு கட்டி அட்லாண்டிக் கடலில் இறங்கியபோது, அவர் மட்டும் போக மறுத்து உள்ளூர் மக்களோடு தங்கிவிட்டார். அவர்களின் மொழியைக் கற்றார். 1564இல் ஸ்பானியர் அவரைக் கண்டுபிடித்து அழைத்துச்சென்றார்கள். இருதரப்புக்கும் இடையே நின்ற பாலம், சோறு போட்ட ஊரின் மொழியைக் கற்றுக்கொண்ட ஒரு பையன்.

மொயானோவின் போர்

பார்தோ போனபின் மொயானோ கோட்டைக்குள் அடங்கி இருக்கவில்லை. 1567 வசந்தத்தில் சுமார் 20 வீரர்களோடும் உள்ளூர்த் துணைவர்களோடும் மலைகளுக்குள் புகுந்து சிஸ்கா மக்களின் ஊரைத் தாக்கினார். ஆயிரம் பேருக்குமேல் கொன்றதாகவும் 50 வீடுகளை எரித்ததாகவும் செய்தி அனுப்பினார். அதைக் கேட்ட ஒரு மலைத்தலைவர், மொயானோவையும் அவருடைய ஆட்களையும் அவருடைய நாயையும் தின்றுவிடுவதாகச் சொல்லியனுப்பினார். மொயானோ அந்தத் தலைவரின் ஊரையும் தேடிப்போனார். மர அரண் சூழ்ந்த அந்த ஊரில் 1,500 பேரைக் கொன்றதாக இன்னொரு கணக்கு எழுதப்பட்டது.

இந்த எண்களை நான் நம்பவில்லை. திரி பற்றவைத்துச் சுடும் துப்பாக்கிகளோடு இருபது பேர் ஓரிரு நாளில் செய்யக்கூடிய காரியம் அன்று அது. தன் பெருமையைப் பதவி உயர்வாக மாற்ற விரும்பிய ஒரு சார்ஜெண்டின் கணக்கு. ஆனால் ஊர்கள் எரிந்தன, மக்கள் மடிந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஹோவாராவுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால் ஸ்பானியரை அவர்கள் ஏன் இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டார்கள் என்பது புரியும். ஹோவாராவின் தலைவருக்குச் சிஸ்காக்களோடு பழைய பகை இருந்திருந்தால், இரும்பும் வெடிமருந்தும் வைத்திருந்த விருந்தாளிகள் அவருக்குப் பயன்பட்டிருப்பார்கள். மொயானோ தாமே படையெடுத்ததாக ஆவணம் சொல்கிறது. அவரைக் கைபிடித்துக் காட்டுவழியே அழைத்துப்போனவர்கள் யார் என்பதில் ஆவணத்துக்கு அக்கறை இல்லை. வழிகாட்டியும் துணைப்படையும் இல்லாமல் அந்த மலைகளில் இருபது அந்நியர் ஓர் ஊரைக்கூடத் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மொயானோ அங்கிருந்து மேற்கே நடந்து, இன்றைய டென்னசி மாநிலத்தில் ஆற்றுத்தீவில் அமைந்திருந்த சியாஹாவை அடைந்தார். அந்த இடம் இன்று டக்ளஸ் அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. அங்கே ஒரு கோட்டை கட்டிக்கொண்டு பார்தோவுக்காகக் காத்திருந்தார். பகைவர் சூழ்ந்திருந்ததால் வெளியே வரவும் முடியவில்லை.

ஒரு சொல்லில் ஒப்பந்தம்

பார்தோவின் இரண்டாம் பயணம் 1567 செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்கியது. உடன் வந்தவர்கள் 120 பேர். அவர்களில் ஹுவான் தே லா பந்தேரா என்ற எழுத்தர் இருந்தார். அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்த நிகழ்வைப் பற்றி நமக்கு மிகச் சொற்பமே தெரிந்திருக்கும். எந்த நாளில் எந்த ஊர், அங்கே வந்து நின்ற தலைவர்கள் யார், யாருக்கு என்ன பரிசு கொடுக்கப்பட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். கோடரி, உளி, ஆப்பு, கத்தி, கண்ணாடி, சிவப்புப் பட்டுத் துணி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

ஒவ்வோர் ஊரிலும் ஒரே சடங்கு நடந்தது. பார்தோ பேசுவார், ருஃபின் மொழிபெயர்ப்பார், போப்பாண்டவருக்கும் அரசருக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லப்படும். தலைவர்கள் "யா" என்பார்கள். சொன்னபடி செய்ய மனநிறைவோடு சம்மதிக்கிறோம் என்பது அதன் பொருள் என்று பந்தேரா எழுதிவைத்தார். அதன்பின் பார்தோ கேட்பது ஒரு வீடும், அது நிறைய மக்காச்சோளமும். முதல் பயணத்தில் கேட்டதைப் பல ஊர்கள் கட்டிவைத்திருந்தன. இரண்டாம் பயணத்தில் அந்தக் குதிர்களைப் பார்த்து மகிழ்ந்து, அடுத்த ஊருக்கு நடந்தார்.

அந்த "யா" என்ற சொல்லை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சரி, கேட்டுக்கொண்டோம், விருந்தாளி பேசி முடிக்கட்டும், பரிசு வந்தது நல்லது, போய்வாருங்கள்: இவற்றில் எதையும் அது குறித்திருக்கலாம். பந்தேராவின் பேனா அதை அடிமைச் சாசனமாக மாற்றிவிட்டது. தென்கிழக்குப் பழங்குடிகளிடையே தலைவர்கள் பரிசு கொடுத்துப் பரிசு பெறுவது சமமானவர்களுக்கிடையே உறவு பேணும் முறை. கோடரி வாங்கிய தலைவர் சோளம் கொடுத்தார். அவர் பார்வையில் கணக்கு அன்றே நேராகிவிட்டது. பார்தோவின் பார்வையிலோ அன்றுதான் கடன் தொடங்கியது.

செப்டம்பர் 24இல் ஹோவாரா. பின் மலையைக் கடந்து அக்டோபர் 7இல் சியாஹா. மொயானோவும் அவருடைய ஆட்களும் மீட்கப்பட்டார்கள். பார்தோ மேலும் மேற்கே சதாபோ என்ற ஊர் வரை போனார். கூசா என்ற பெரிய நாட்டை அடைந்து, அங்கிருந்து மெக்சிகோ என்பது திட்டம். கூசாவும் அதன் துணை ஊர்களும் வழியில் பதுங்கியிருந்து தாக்கப்போவதாகச் சதாபோவில் எச்சரிக்கை கிடைத்தது. பார்தோ தம் அதிகாரிகளோடு கலந்து பேசித் திரும்பிவிட முடிவெடுத்தார். இந்த முழு நிகழ்விலும் எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாகும் இடம் இதுதான். முன்னேறிப் போயிருந்தால் 120 பேரும் அங்கேயே முடிந்திருப்பார்கள்.

ஆனால் திரும்பும் வழியில் அவர் செய்தது பெரும்பிழை. சியாஹாவில் சான் பேத்ரோ, மலைக்கு நடுவே கௌசியில் சான் பாப்லோ, குவாதாரியில் சந்தியாகோ, கோஃபிதாசெகியில் சாந்தோ தொமாஸ், கடலோரத்துக்கு அருகே ஒரிஸ்தாவில் நுயெஸ்த்ரா செஞ்ஞோரா என்று புதிய காவல்களை அமைத்தார். ஏற்கெனவே இருந்த சான் ஹுவானில் அல்பெர்த்தோ எஸ்குதேரோ தே வில்லமார் என்பவரின்கீழ் 30 பேரை விட்டார். கையிலிருந்த சிறு படையை ஆறு துண்டாக்கி, ஒன்றுக்கொன்று உதவ முடியாத தொலைவில் விதைத்துவிட்டு, 1568 மார்ச் 2ஆம் நாள் சாந்தா எலேனாவை அடைந்தார்.

மண்ணுக்குள் இருந்த சாட்சி

இந்தக் கோட்டைகள் எங்கே இருந்தன என்பதே 400 ஆண்டுகளுக்குமேல் தெளிவில்லாமல் இருந்தது. 1980களில் சார்லஸ் ஹட்சனும் அவருடைய தோழர்களும் பந்தேராவின் நீண்ட குறிப்பைக் கொண்டு வழியை மறுபடி வரைந்தார்கள். மார்கன்டனுக்கு வடக்கே பெர்ரி என்று அழைக்கப்படும் வயலில் டேவிட் மூர் 1986இல் அகழ்ந்தார். சுமார் 12 ஏக்கர் பரப்புள்ள பழைய ஊர் அது. உழவில் மேலே வந்த சில ஓடுகள் பழங்குடிப் பானைகளைச் சேர்ந்தவை அல்ல, 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஆலிவ் எண்ணெய் ஜாடிகளின் துண்டுகள் என்று 1990களில் அடையாளம் காணப்பட்டது. ராபின் பெக், கிறிஸ்டோபர் ராட்னிங் ஆகியோரும் மூரோடு சேர்ந்து ஆண்டுதோறும் தோண்டினார்கள். இரும்பு ஆணிகள், ஈயக் குண்டுகள், வளையக் கவசத்தின் துணுக்குகள், ஆடை நாடாவின் நுனியில் பொருத்தும் உலோகக் கூம்புகள் கிடைத்தன. ஐந்து கட்டடங்கள் எரிந்து கிடந்தன. கரியான மரம் மக்குவதில்லை. எரித்தவர்களின் கோபமே அந்த வீடுகளை நமக்குக் காப்பாற்றித் தந்தது.

அந்த வீடுகள் பழங்குடிப் பாணியில் கட்டப்பட்டவை. மரங்களிலோ உலோகக் கருவி வெட்டிய தடங்கள். அடுப்படியில் கிடைத்தவையும் மக்காச்சோளம், மான், கரடி என்று ஹோவாரா மக்கள் உண்டவையே. ஸ்பானியர் தங்கள் வீட்டையும் உணவையும் எவர் கையிலிருந்து பெற்றார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. 2013இல் கோட்டையின் அகழியே கண்டுபிடிக்கப்பட்டது. செம்மண்ணில் ஒரு கரிய பட்டை, வி வடிவத்தில் கீழிறங்கி, கோட்டையின் ஒரு மூலையைச் சுற்றி வளைந்தது. ஊர்மக்கள் அதை மூடிவிட்டிருந்தார்கள்.

ஏன் விழுந்தன

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஹோவாரா மக்கள் 1567 ஜனவரியிலிருந்து 1568 வசந்தம்வரை அந்நிய ஆண்களுக்கு உணவு போட்டார்கள். அவர்கள் நிலத்தில் இறங்கி உழைத்ததாகச் சான்று இல்லை. மக்காச்சோளம் கோடையில் முற்றுகிறது. இலையுதிர்காலத்தில் நிரம்பும் குதிர் குளிர்காலம் முழுவதும் குறைந்து, வசந்தத்தில் அடித்தட்டைத் தொடும். அடுத்த விதைப்புக்கான விதையும் அதற்குள்ளேதான் இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்த்து உண்ணும் அந்த மாதங்களில் முப்பது வயிறுகள் கூடுதலாக உட்கார்ந்திருந்தன. கோட்டைகள் விழுந்ததும் அதே வசந்தத்தில். இந்தப் பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பார்தோ போனதோடு பரிசு கொடுக்கும் கையும் போய்விட்டது. எஞ்சியவர்களிடம் துப்பாக்கியும் வெடிமருந்தும் இருந்தன. கொடுத்து உறவு வளர்க்க அதிகம் ஒன்றும் இல்லை. கேட்பது மட்டும் நிற்கவில்லை.

உள்ளூர்ப் பெண்களிடம் வீரர்கள் நடந்துகொண்ட விதம் இரண்டாவது காரணம். பிற்காலத்தில் எழுதப்பட்ட ஸ்பானியக் குறிப்பே இதை ஒப்புக்கொள்கிறது. "தவறான நடத்தை" என்பதுபோன்ற மென்மையான சொற்களில் அது சொல்லப்பட்டிருந்தாலும், ஆயுதம் தாங்கிய முப்பது ஆண்கள் மனைவி மக்களின்றி ஓர் ஊரின் ஓரத்தில் ஒன்றரை ஆண்டு இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அந்தச் சொற்கள் மறைத்துவிட முடியாது. தப்பிவந்த பதாஹோஸின் மனைவி தெரேசா மார்த்தின் உள்நாட்டுப் பழங்குடிப் பெண். 1600இல் சான் அகுஸ்தினில் ஆளுநர் நடத்திய விசாரணையில் அவரும் சாட்சியம் அளித்தார். உள்நாட்டுப் பெண் ஒருவரின் குரல் ஆவணத்தில் ஏறிய அரிய தருணம் அது. அவரிடம் நிலத்தைப் பற்றியும் வளத்தைப் பற்றியும் கேட்டார்கள்.

மொயானோவின் போர் மூன்றாவது. மலைக்கு இருபுறமும் இருந்த ஊர்களுக்கு அது ஒரே செய்தியைக் கொண்டுசென்றது. ஒன்றோடொன்று பகைத்திருந்த தலைவர்கள்கூட ஒரே காலத்தில் கை ஓங்கியதற்கு அது ஒரு காரணமாகியிருக்க வேண்டும். ஹோவாராவின் தலைவரைப் பொறுத்தவரை, பகைவரை அடக்க உதவிய விருந்தாளியின் பயன் முடிந்திருந்தது. செலவு மட்டும் தொடர்ந்தது.

பிறகு

ஸ்பானியர் அந்த மலைகளில் மீண்டும் கோட்டை கட்டவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1671இல், வர்ஜீனியாவிலிருந்து தாமஸ் பேட்ஸும் ராபர்ட் ஃபாலமும் மலையைக் கடந்தார்கள். அவர்கள் தேடியது மேற்குக் கடலுக்குப் போகும் வழி. மலைக்கு அப்பால் ஓர் ஆற்றங்கரையில் நின்று, கடலின் ஏற்றவற்றம் அங்கே தெரிகிறதா என்று நீர்மட்டத்தை உற்றுப்பார்த்தார்கள், தெரிவதாகவே நம்பினார்கள். பசிபிக் பெருங்கடல் அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. மெனெந்தெஸின் பிழை வேறு மொழியில் மறுபடி நடந்துகொண்டிருந்தது.

மொயானோ 1568இல் சாகவில்லை. பார்தோவோடு கடற்கரைக்குத் திரும்பியிருந்தார். 1576இல், பதவி உயர்வு பெற்றவராக, சுமார் இருபது வீரர்களோடு சாந்தா எலேனாவுக்கு அருகே எஸ்கமாகு ஊருக்குப் போனார். கோட்டையில் மீண்டும் உணவுப் பஞ்சம். ஊரார் அடுப்பில் வெந்துகொண்டிருந்த பானைகளில் இருந்த சோற்றை அவருடைய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கித் திரிகள் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் பெண்களும் பிள்ளைகளும் அஞ்சுகிறார்கள், அணைத்துவிடுங்கள் என்று ஊரார் கேட்டார்கள். மொயானோ அணைக்கச் சொன்னார். திரி அணைந்ததும் ஊரார் பாய்ந்தார்கள். சாந்தா எலேனாவுக்குச் செய்தி கொண்டுவர எஞ்சியவர் ஆந்த்ரெஸ் கால்தெரோன் ஒருவரே.